குறிமொழி யாருக்கு உரியது? பிளிசின் நூலும் பேசாப் பிள்ளைகளும்

மொழி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நாவும் செவியுமே. எழுத்தின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், உந்தியில் தோன்றிய காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகப் பிறக்கும் என்பர். இவ்வெட்டு உறுப்புகளும் உள்ளத்தின் ஏவலைக் கேட்டு நடக்கும்போது பேச்சு நிகழ்கிறது. கேளாவிட்டால்? பெருமூளை வாதத்தால் நாவும் இதழும் வசப்படாத பிள்ளைகள் உளர். மதியிறுக்கத்தால் வாய்ச்சொல் வாராத பிள்ளைகளும் உளர். அப்பிள்ளைகளுக்கு மொழி இல்லை என்று கூறிவிடலாமா?

கூறலாகாது. படத்தைச் சுட்டியும், எழுத்தைக் காட்டியும், கண்ணால் நோக்கியும், தொடுதிரைக் கருவியைத் தட்டியும் அவர்கள் பேசுகிறார்கள். வாய்ப்பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமைந்த இம்முறைகளை உலகநாடுகள் மொழித்தொடர்பாகவே ஏற்றுள்ளன. 2006-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு அவை ஏற்ற உடற்குறையுடையோர் உரிமை ஒப்பந்தம், தொடர்பு என்பதன் இலக்கணத்திலேயே இவற்றைச் சேர்த்தது. மலேசியா 2010-லும் சிங்கப்பூர் 2013-லும் அவ்வொப்பந்தத்தை உறுதிசெய்தன. சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆயினும், குறிகளால் பேசும் பிள்ளைக்கு நாம் தரும் குறிகள் ஒரு மொழி ஆகுமா, அல்லது வெறும் பொருட்பட்டியலா என்ற வினா மொழியறிஞர் ஆராயவேண்டிய வினா. அதனை ஆராய ஒரு பழைய நூல் நமக்குப் பெரிதும் உதவும். சார்லசு பிளிஸ் எழுதிய 'செமாண்டோகிராபி' என்பதே அந்நூல்.

நூலும் நூலாசிரியரும்

பிளிஸ் 1897-ஆம் ஆண்டு, அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்ததும் இன்று உக்ரேன் நாட்டில் இருப்பதுமான செர்னோவிட்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பல மொழியினர் வாழ்ந்த ஊர் அது. மொழி வேற்றுமை பகைமைக்குக் காரணமாவதை இளமையிலேயே கண்டார். வேதியியற் பொறியாளராக வியன்னாவில் பணியாற்றினார். 1938-இல் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபின், டாக்காவு, பூகன்வால்ட் என்னும் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டார். மனைவி கிளேரின் பெருமுயற்சியால் 1939-இல் விடுதலை பெற்று, இறுதியில் சாங்காய் நகரை அடைந்தார். அங்கே கடைப்பலகைகளில் கண்ட சீன எழுத்து அவர் வாழ்வையே மாற்றியது. ஒலியைக் குறியாமல் பொருளைக் குறிக்கும் எழுத்து ஒன்று இருந்தால், எம்மொழியாரும் தத்தம் மொழியிலேயே அதனைப் படித்துக்கொள்ளலாம் அன்றோ? இவ்வெண்ணத்தோடு 1946-இல் ஆஸ்திரேலியா சென்று, 1949-இல் தம் நூலை வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1965-இல் வந்தது.

உலக மக்களை இணைப்பதே அவர் நோக்கம். சொற்களைத் திரித்து மக்களை மயக்கும் அரசியலாரின் சூழ்ச்சியைத் தம் குறிகள் வெளிப்படுத்திவிடும் என்றும் நம்பினார். ஆனால் உலகம் அவர் நூலைப் பொருட்படுத்தவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு எழுதிய மடல்கள் பயன் தரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்நூல் படிப்பாரின்றிக் கிடந்தது.

குறிகளின் அமைப்பு

நூலின் சிறப்பை முதலில் கூறுவோம். ஏறக்குறைய நூறு அடிப்படை வடிவங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான பொருள்களைக் குறிக்க வழி வகுத்தார் பிளிஸ். நெஞ்சின் வடிவம் உணர்ச்சியைக் குறிக்கும். அதனோடு மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி. கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம். அலைக்கோடு நீர்; அது கீழ்நோக்கிய அம்போடு கூடினால் மழை. இவ்வாறு வேர்களைக் கூட்டிச் சொல்லாக்கும் நெறி, தமிழ் கற்றவர்க்குப் புதியதன்று.

இதனினும் சிறந்தது அவருடைய இலக்கணக் குறிகள். குறியின்மேல் சிறு சதுரம் இட்டால் அது பொருளைச் சுட்டும் பெயர். கூம்பு வடிவம் இட்டால் வினை. தலைகீழ்க் கூம்பு இட்டால் பண்பு. இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தனி அடையாளங்கள் உள. ஓர் எளிய படம் நாற்காலியைக் காட்டும். 'உட்கார்ந்தேன்' என்பதையோ 'உட்காரமாட்டேன்' என்பதையோ அதனால் காட்ட இயலாது. பிளிசின் குறி அதனைக் காட்டும். படத்துக்கும் மொழிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பொருளைக் காட்டுவது படம். பொருளைப்பற்றி ஒன்றைக் கூறுவது மொழி.

டொராண்டோவில் நிகழ்ந்தது

1971-ஆம் ஆண்டு கனடா நாட்டு டொராண்டோ நகரில், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றில், ஷெர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியையும் அவர் குழுவினரும் இக்குறிகளைக் கண்டெடுத்தனர். பெருமூளை வாதத்தால் பேச இயலாத பிள்ளைகளுக்கு அங்கே அதுவரை இருந்தவை உணவு, உடை, கழிப்பிடம் போன்ற தேவைகளைக் காட்டும் சில படங்களே. குறிகளைப் பலகையில் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலச் சொல்லை எழுதினர். பிள்ளை சுட்டும், குறி அறியாதவரும் சொல்லைப் படித்து அறிந்துகொள்வர். பிள்ளைகள் கேட்டதற்கு விடை கூறியதோடு நில்லாமல், தாமே வினவத் தொடங்கினர், உணர்ச்சியைக் கூறினர், பலகையில் இல்லாத பொருளுக்குக் குறிகளை இணைத்துப் புதுச்சொல் ஆக்கினர். இவ்வாறு பேசுவோரே படைக்கும் சொல்லை அடையாளங் காட்டவும், எதிர்ப்பொருளைக் கூறவும் தனிக் குறிகள் இம்முறையில் உள்ளன.

தம் நூலுக்குப் பயன் கிடைத்தது கண்டு பிளிஸ் பெருமகிழ்வு கொண்டார். ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆசிரியர்கள் குறிகளைப் பிள்ளைகளின் தேவைக்கேற்ப மாற்றினர், புதியன சேர்த்தனர், ஆங்கிலம் படிக்கச் செல்லும் பாலமாக அவற்றைப் பயன்படுத்தினர். உலகப் பொதுமொழியாகத் தாம் படைத்ததை ஆங்கிலத்தின் ஏணிப்படி ஆக்கிவிட்டனர் என்று பிளிஸ் சினந்தார். பல ஆண்டுகள் கண்டன மடல்களும் வழக்கு மிரட்டல்களும் தொடர்ந்தன. 1982-இல் ஓர் இணக்கம் ஏற்பட்டு, பேச இயலாதோருக்காக இக்குறிகளைப் பயன்படுத்தும் உரிமை கனடா அமைப்புக்கு நிலையாகக் கிட்டியது. 1985-இல் பிளிஸ் மறைந்தார்.

இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? நூலாசிரியர் பக்கம் ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஆளுக்கு ஒருவாறு குறியை மாற்றினால் பொதுமை கெடும். ஒரு பள்ளியில் கற்ற பிள்ளை மற்றொரு பள்ளியில் ஊமையாகிவிடும். பின்னாளில் அவ்வமைப்பே குறிகளுக்கு வரையறை செய்ததும், இன்று 5,000-க்கு மேற்பட்ட குறிகள் ஒழுங்குடன் தொகுக்கப்பட்டிருப்பதும் இவ்வுண்மையை மெய்ப்பிக்கின்றன.

ஆயினும் பிளிஸ் ஒரு பெரும் பிழை செய்தார். மொழியை ஆக்கியவனுக்கே மொழி உரியது என்று கருதினார். எந்த மொழியும் அவ்வாறு வாழ்ந்ததில்லை. வழக்கு முன்னே செல்லும்; இலக்கணம் பின்னே சென்று வகுக்கும். பிறர் வகுத்த பொருளைத் தவிர வேறொன்றும் கூறலாகாது என்றால், அக்குறிகள் மொழி ஆகா. கட்டளைத் தாளாகவே நிற்கும். அப்பிள்ளைகள் பிளிசின் குறிகளை வளைத்து, இணைத்து, தமக்கென ஆக்கிக்கொண்டபோதுதான் அவை மொழியாயின. எனவே, ஒரு குறிமுறையை மதிப்பிடும் உரைகல் இதுவே எனக் கொள்ளலாம்: நாம் எதிர்பாராத ஒன்றை அப்பிள்ளை அதனால் கூற முடிகிறதா?

பெயர்ச்சொல் மட்டும் மொழியாகாது

இவ்வுரைகல்லில் நம் வகுப்பறைப் பலகைகளை உரைத்துப் பார்ப்போம். இன்று பிளிசின் குறிகளினும் எளிய படக்குறிகளே மிகுதியாக வழங்குகின்றன. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த மேயர்-ஜான்சன் படக்குறிகளும், ஸ்பெயின் நாட்டு அரகோன் மாநில அரசு இலவயமாக வழங்கும் அராசாக் படங்களும் பலரும் அறிந்தவை. சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு உருவான ஆவாஸ் என்னும் செயலி தமிழிலும் பேசும். கருவிக்குக் குறையில்லை. குறை பலகையில் நாம் வைக்கும் சொல்லில் உள்ளது.

பெயர், வினை, இடை, உரி எனச் சொல் நான்கு என்பது நம் மாணவரும் அறிந்த பாடம். ஆனால் பேசாப் பிள்ளைக்கு ஆக்கும் பலகையைப் பாருங்கள்: ஆப்பிள், பந்து, பால், காலணி, பேருந்து, கழிப்பிடம். யாவும் பெயர்ச்சொல். படம் வரைய எளிது என்பதனால் பெயரே நிறைகிறது. இப்பலகையால் அப்பிள்ளை ஒன்றை வேண்டலாம்; மறுக்க முடியாது; வினவ முடியாது; குறை கூற முடியாது; விளையாட்டாகப் பொய்யுரைக்கவும் முடியாது. 'வேண்டாம்', 'இல்லை', 'ஏன்', 'இன்னும்', 'வலிக்கிறது', 'முடிந்தது', 'நிறுத்து' என்ற சொற்கள் இல்லாத பலகை, பிள்ளையின் நாவாக அமையவில்லை. பெரியோரின் வசதிக்கே அமைந்தது. தன்னை ஒருவர் துன்புறுத்தினால் அதனைக் கூறவும் அப்பிள்ளைக்குச் சொல் வேண்டுமன்றோ? இது வெறும் கல்விச் சிக்கலன்று. காப்பைப் பற்றிய சிக்கலுமாகும்.

மேலைநாட்டு ஆய்வாளர் இதனை உணர்ந்து, எல்லாப் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களே அன்றாடப் பேச்சின் ஏறக்குறைய 80 விழுக்காட்டை நிரப்புகின்றன என்று கண்டு, அவற்றைப் பலகையின் நடுவில் வைத்தனர். நல்ல நெறி. ஆனால் அவ்வாங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்குவது தவறு. அதன் முன்வரிசையில் நிற்கும் 'தி', 'டு', 'இன்', 'வித்' முதலியன தமிழில் தனிச்சொற்களே அல்ல. அவற்றுள் சில நம் மொழியில் இல்லை. சில வேற்றுமை உருபாகச் சொல்லோடு ஒட்டி வரும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு பிள்ளை 'அப்பா', 'போ' என்னும் இரு படங்களைச் சுட்டுகிறது எனக் கொள்வோம். அப்பா போனார் என்பதா? அப்பாவிடம் போகவேண்டும் என்பதா? அப்பாவோடு போகவேண்டும் என்பதா? அப்பா, போங்கள் என்பதா? நான்கும் வெவ்வேறு, கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. பிள்ளையின் உள்ளத்தில் ஒன்றே இருந்தது. பலகையில் உருபு இல்லாததால், நான்கில் எது என்பதைக் கேட்பவர் முடிவு செய்கிறார். பிள்ளையின் வாக்கியத்தைப் பிறர் எழுதிவிடுகின்றனர்.

ஆகவே தமிழ்ப் பலகைக்குத் தமிழ் இலக்கணமே அடிப்படையாதல் வேண்டும். ஆங்கிலப் பலகையில் ஆள், வினை, பொருள் என இடமிருந்து வலமாக வரிசை அமையும். தமிழில் வினை இறுதியில் நிற்கும். எனவே இடப்புறம் ஆட்பெயரும், அடுத்துப் பொருட்பெயரும், அவற்றை ஒட்டி 'ஐ, ஓடு, கு, இல், இடம்' ஆகிய உருபுகளுக்கு ஒரு நிரலும், வலக்கடையில் வினையும் காலமும் எதிர்மறையும் அமைப்பதே பொருத்தமாகும்.

உருபும் ஈறும் சிறு பிள்ளைக்குச் சுமை என்று கூறுவாருமுளர். தமிழ்க் குழந்தைகள் மொழி பயிலும் வகையை ஆராய்ந்து பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனர்டும் 1989-இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டு வயதையொட்டிய குழந்தைகளே வினையீறுகளைப் பெரும்பாலும் பிழையின்றி ஆள்வதைக் காட்டியது. ஒட்டுச்சொற்கள் தெளிவாகப் பிரிந்து நிற்பதால் அவை கற்பதற்கு எளியவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகம் வாய்க்காது என்பது உண்மையே. ஆனால் முதல் நாளில் பயன்படாது என்பதற்காக உருபை என்றுமே வைக்காமல் விடுவது, நடக்கத் தெரியாதவனுக்குத் தெருவே வேண்டாம் என்பது போன்றது.

எம்மொழியில், எந்நடையில்?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மற்றொரு சிக்கல் உண்டு. சிறப்புப் பள்ளிகளில் பயிற்றுமொழி இங்கே ஆங்கிலம், அங்கே மலாய். இரு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று அஞ்சி, வீட்டிலும் தமிழை விட்டுவிடும் பெற்றோர் உளர். டௌன் நோய்க்குறியுள்ள பிள்ளைகளை ஆராய்ந்து கனடா அறிஞர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழி பயின்ற பிள்ளைகள் ஒருமொழி பயின்றவரினும் பின்தங்கவில்லை எனக் கண்டது. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியோடு பேச ஆங்கிலப் பலகை எவ்வாறு உதவும்? பள்ளிக்கு ஒரு மொழியும் வீட்டுக்கு ஒரு மொழியும் ஏனைப் பிள்ளைகளுக்கு இயல்பாக இருக்கும்போது, இப்பிள்ளைக்கு மட்டும் வீட்டுமொழியை மறுப்பது முறையன்று.

நடை பற்றியும் ஒரு சொல். கருவியில் ஒலிக்கும் குரல் செந்தமிழில்தான் இருக்கவேண்டும் என்று விரும்பும் ஆசிரியர்கள் உளர். அவர் தமிழ்ப்பற்றை மதிக்கிறோம். ஆனால் 'எனக்கு அது வேணும்' என்று பேசும் தம்பி தங்கையரிடையே ஒரு பிள்ளை மட்டும் 'எனக்கு அது வேண்டும்' என ஏட்டுநடையில் பேசினால், அது விளையாட்டில் அன்னியனாகிவிடும். சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-இல் திருந்திய பேச்சுத்தமிழை வகுப்பறையில் வலியுறுத்தியது. வாயால் பேசும் மாணவனுக்குத் தந்த உரிமையைப் படத்தால் பேசும் மாணவனுக்கும் தருவோம். எழுதும்போது எழுத்துத்தமிழ், பேசும்போது பேச்சுத்தமிழ்.

முப்பது எழுத்தின் ஆற்றல்

படப்பலகை எவ்வளவு விரிந்தாலும் பிறர் வைத்த சொல்லையே தரும். எழுத்து ஒன்றே எல்லையற்றது. டப்ளின் நகரின் கிறிஸ்டி பிரௌன் இடக்காலில் சுண்ணக்கோல் பற்றித் தாயிடம் எழுத்துக் கற்று, 1954-இல் தம் வாழ்க்கை வரலாற்றையே நூலாக வெளியிட்டார். பேச்சு வாராத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர், பேச்சு வாராத பிள்ளைக்கே படிப்பு மிகுதியும் வேண்டும் என்பதை மறந்தார்.

தமிழில் 247 எழுத்துகள் உள; இத்தனையும் ஒரு பலகையில் எவ்வாறு அடங்கும் என்று சிலர் தயங்குவர். நம் இலக்கணமே விடை தந்திருக்கிறது. முதலெழுத்து முப்பது: உயிர் 12, மெய் 18. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துச் சுட்டினால் உயிர்மெய் பிறக்கிறது. தமிழ் 99 விசைப்பலகை இந்நெறியையே பின்பற்றுகிறது. முப்பது கட்டங்களும் ஆய்தத்துக்கு ஒன்றும் இருந்தால், விரலால் மட்டுமன்றிக் கண்ணால் சுட்டும் பிள்ளையும் தமிழில் எதனையும் எழுதலாம்.

ஆசிரியர் கடமை

பலகையைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை பேசிவிடும் என்று கருதுதல் ஆகாது. பேசும் குழந்தை தன் முதற்சொல்லைக் கூறுமுன் ஏறக்குறைய ஓராண்டு பிறர் பேச்சைக் கேட்கிறது. படத்தால் பேசவேண்டிய பிள்ளையோ, படத்தால் பேசும் ஒருவரையும் கண்டதில்லை. ஆசிரியரும் பெற்றோரும் தாம் பேசும்போதே பலகையிலும் சொல்லைச் சுட்டிப் பேசவேண்டும். 'சொல், சுட்டு' எனத் தேர்வு வைத்தல் கூடாது.

காத்திருத்தல் அடுத்த கடமை. நாம் நிமிடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைப் பேசுகிறோம். பலகையால் பேசுவோர் பெரும்பாலும் பதினைந்துக்கும் குறைவாகவே பேச இயலும். இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்துவைப்பது உதவியன்று.

பலகை தந்தால் வாய்ப்பேச்சு வாராமற்போகும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. 2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, உறுதியான சான்றுள்ள 27 பேருள் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை; 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு சிறிதேனும் கூடியது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ முழங்கையையோ பிறர் பற்றிக்கொண்டு எழுத்தைச் சுட்டச் செய்யும் ஒரு முறை சில நாடுகளில் பரவியது. 1990-களில் செய்த சோதனைகளில், பிள்ளைக்கு ஒரு படத்தையும் கைபிடிப்பவருக்கு வேறொரு படத்தையும் காட்டியபோது, எழுதப்பட்டது கைபிடிப்பவர் கண்ட படமே. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்விச் சங்கம் 2018-இல் அம்முறையை விலக்குமாறு கூறியது. அன்பினால் செய்த செயலாயினும், பிள்ளையின் சொல்லைப் பறித்த செயலே அது. பிளிஸ் தம் குறிகளுக்குப் பொருளை முடிவு செய்ய விரும்பினார். கைபிடித்தவர் வாக்கியத்தையே முடிவு செய்தார். உருபில்லாத பலகையைத் தந்து நான்கு பொருளில் ஒன்றைத் தாமே தெரிந்துகொள்பவரும் அவ்வரிசையில்தான் நிற்கிறார்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பங்குண்டு. மருத்துவரும் பேச்சுப்பயிற்சியாளரும் கருவியைத் தேர்ந்து தருவர். ஆனால் எச்சொல் முதலில் வேண்டும், எவ்வுருபு எங்கே நிற்கவேண்டும், எந்நடை இயல்பு என்பவற்றைக் கூற வல்லவர் தமிழ் கற்பிப்போரே. ஊர்தோறும் உள்ள ஆசிரியர் சங்கங்கள் பேச்சுப்பயிற்சியாளரோடு கூடி அமர்ந்து, நம் பிள்ளைகளின் அன்றாடப் பேச்சினின்று சொற்களைத் திரட்டி ஒரு பொதுப் பலகையை ஆக்குதல் வேண்டும். அதில் முதற்கட்டத்தில் 'வேண்டும்' என்பதை வைப்போர், அதன் அருகிலேயே 'வேண்டாம்' என்பதையும் வைப்பாராக.